கேப்டன் பியாண்ட் 1972 எல்பி ரீஇஷ்யூ: நிஜமாவே அவ்ளோ நல்லா இருக்கா, இல்ல "யாரும் கண்டுக்காத ஆல்பம்"ங்கற பேருக்காகவே பிடிக்குதா?

சைடு_பி:
நேத்து ராத்திரி ரெண்டு தடவ முழுசா கேட்டேன், தூக்கம் வரல, அதான் உக்காந்து அடிச்சிட்டு இருக்கேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கேப்டன் பியாண்ட் முதல் ஆல்பம், 1972. ரீஇஷ்யூ எல்பி, அதாவது பழைய ஆல்பத்த மறுபடி அழுத்தி விட்ட இசைத்தட்டு, கைக்கு வந்து நாலு நாள் ஆகுது. இதுக்கு முன்னாடி நான் இதை ஃபோன்லதான் கேட்டிருக்கேன், அதுவும் "கேட்டிருக்கேன்"னு சொல்றதே பொய், நடுவுல நடுவுல ஸ்கிப் பண்ணி மூணு பாட்டு மட்டும் பிளேலிஸ்ட்ல போட்டு வெச்சிருந்தேன், மத்ததெல்லாம் துண்டு துண்டா இருக்கு, ஒண்ணு அரை நிமிஷம் கூட இல்ல, என்னடா இது பாதிலயே விட்டுட்டுப் போயிருக்கானுங்கன்னுதான் நினைச்சேன்.

தட்டுல போட்டதும்தான் உறைச்சுது. அது பதிமூணு பாட்டே இல்லீங்க. லேபிள்ல பதிமூணு பாட்டுப் பேர் அச்சடிச்சிருக்கு, ஆனா காதுக்கு வர்றது ரெண்டே ரெண்டு விஷயம், சைடு ஏ, சைடு பி. முதல் மூணு பாட்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு வழிஞ்சு போகுது, 'டான்சிங் மேட்லி பேக்வர்ட்ஸ்'ல ஆரம்பிச்சது 'மயோபிக் வாய்ட்' முடியறப்ப திரும்பி வந்து நிக்குது. பி சைடுல 'ஐ கான்ட் ஃபீல் நத்திங்' ஒரு பாதி வருது, அப்புறம் நிலா, அலை, ஆஸ்ட்ரல் லேடின்னு எங்கயோ போயிட்டு, கடைசில அதே பாட்டோட மிச்சப் பாதி வந்து கதவ சாத்துது. ஃபோன்ல கேக்கறப்ப ஒவ்வொரு தையல்லயும் ஒரு சின்ன "டக்" விழும் பாருங்க, கண் சிமிட்டற நேரம்தான், அந்த டக்குதான் இத்தன வருஷமா எனக்கு இந்த ஆல்பத்தக் கெடுத்து வெச்சிருந்துச்சுன்னு இப்பதான் தெரியுது.

என் கேள்வி என்னன்னா, இது எனக்கு மட்டும் தோணுதா, இல்ல தட்டு வாங்குன காச நியாயப்படுத்த என் மூளை பண்ற வேலையா?

புதுசு_நான்:
யாருங்க இவங்க? பேரே கேள்விப்பட்டதில்ல. ஒரு ரெண்டு வரி சொல்லுங்களேன்.

பர்ப்பிள்_வெறியன்:
நான் சொல்றேன் நான் சொல்றேன். டீப் பர்ப்பிள் தெரியுமா? அவங்களோட முதல் பாடகர் ராட் எவான்ஸ். 1968ல 'ஹஷ்' பாடுனாரே, அமெரிக்கால நாலாவது இடம் வரைக்கும் போச்சே, அந்தக் குரல். மூணு ஆல்பம் பாடுனார், 1969ல அவர அனுப்பிட்டு இயன் கில்லன கூட்டிட்டு வந்தாங்க, அதுக்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். அந்த எவான்ஸ் அமெரிக்கா போயி சேந்த பேண்டுதான் இது. கூட இருந்தவங்களும் சாதாரண ஆளுங்க இல்ல. லீ டோர்மன் பேஸ், அயர்ன் பட்டர்ஃப்ளைல இருந்தவர், 1968ல ஒரு முழு சைட ஒரே பாட்டு சாப்ட்டுச்சே, பதினேழு நிமிஷம், அதுல வர்ற பேஸ் அவருதுதான். கிட்டார் லாரி ரெய்ன்ஹார்ட், ரைனோன்னு கூப்புடுவாங்க, அவரும் 1970ல பட்டர்ஃப்ளைல வந்து சேந்தவர். டிரம்ஸ் பாபி கால்ட்வெல், ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஜானி வின்டர் கூட வாசிச்சிட்டு இருந்தார்.

புதுசு_நான்:
பாபி கால்ட்வெல்லா? அந்த ஸ்மூத்தா சோல் பாட்டு பாடுவாரே, தொப்பி போட்டு, அவரா டிரம்ஸ் அடிச்சார்????

டிரம்குச்சி:
😂 இல்ல தம்பி, அது வேற பாபி கால்ட்வெல். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் இந்தக் குழில விழுவாங்க, நானும் விழுந்திருக்கேன். 2023ல அந்தப் பாடகர் இறந்தப்ப இந்த ஆல்பத்தோட கவர போட்டு அஞ்சலி எழுதுனவங்களையே பாத்தேன். பாவம் டிரம்மர் படிச்சிருந்தா என்ன நினைச்சிருப்பார்.

சந்தேகசாமி:
நான் கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா. "கண்டுக்காம விட்ட மாஸ்டர்பீஸ்"ங்கறது இப்ப ஒரு ஸ்டிக்கர், அவ்ளோதான். 70கள்ல வந்த எந்த ஹார்ட் ராக் எல்பி விக்காம போச்சோ அதெல்லாம் வரிசையா மாஸ்டர்பீஸ் ஆயிட்டே வருது. விக்காம போனதுக்குப் பாதி நேரம் ஒரே காரணம்தான், பாட்டு நல்லா இல்ல. நான் இதுல நிறைய காசு விட்டவன், அனுபவத்துல சொல்றேன். ஒரு நல்ல ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி), மூணு நிமிஷம் வளவளன்னு சோலோ, பாடகர் தொண்டைல கல்லு, கவர் மட்டும் பிரமாதம். இந்த ஆல்பமும் அந்த ரகம்தான்னு என் எண்ணம், ஆனா முழுசா உக்காந்து கேட்டதில்ல, ஒத்துக்கறேன்.

டிரம்குச்சி:
சாமி, நீங்க பொதுவா சொல்றது சரி, இந்தத் தட்டுக்கு அது ஒட்டாது. ஏன்னு டிரம்ஸ் வாசிக்கறவனா சொல்றேன். முதல் பாட்டு, வெறும் டிரம்ஸ்ல ஆரம்பிக்குது இல்லையா, அதுக்கு ஒன் டூ த்ரீ ஃபோர்னு தட்டிப் பாருங்க, ரெண்டாவது சுத்துலயே கால் இடறும். நான் முதல் வாரம் முழுக்க இடறுனேன். அப்புறம் ஒரு நாள் சும்மா 'தக தகிட தக தகிட'ன்னு வாயால சொல்லிப் பாத்தேன், அப்படியே போயி சாவி பூட்டுல விழுந்த மாதிரி விழுந்துச்சு. அஞ்சு. கண்ட நடை பழகுன காதுக்கு இது சொந்தக்காரன் வீடு மாதிரி, ஆனா ராக் ரேடியோ கேட்டு வளந்த ஆளுக்கு ஏதோ தப்பா ஓடுதேன்னுதான் இருந்திருக்கும்.

இதுல விசேஷம் என்னன்னா அவங்க "பாரு பாரு எங்க கணக்க"ன்னு காட்டிக்கவே இல்ல. ப்ரோக், அதான் ப்ரோக்ரெஸிவ் ராக், பேண்டுங்க நிறைய பேரு கணக்க மேடைல தூக்கி வெச்சு சுத்திக் காட்டுவாங்க. இங்க ரிஃப் நல்லா அழுக்கா, கனமா, தெருச்சண்ட மாதிரி வருது, கணக்கு உள்ள ஒளிஞ்சிருக்கு. தலைய ஆட்டிட்டே இருப்பீங்க, திடீர்னு தலை தப்பான இடத்துல இருக்கும், அப்பதான் தெரியும் பாட்டு மாறிடுச்சுன்னு. கால்ட்வெல் ஒரே அடிய ரெண்டு தடவ அடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தவர் மாதிரி வாசிக்கிறார், ஆனா பாட்டு எங்கயும் தள்ளாடல. நான் 'ஃப்ரோசன் ஓவர்'க்கு மட்டும் கூடவே வாசிக்கப் பாத்து ரெண்டு குச்சி உடைச்சிருக்கேன், அதுல ஒண்ணு கோவத்துல.

பழைய_தட்டு:
வணக்கம். பொதுவா நான் எட்டிப் பாக்கறதோட சரி, இந்தத் தலைப்பு இழுத்துட்டு வந்துடுச்சு. என்கிட்ட அமெரிக்க முதல் பிரஸ்ஸிங், முதல்ல அழுத்துன தட்டு, ஒண்ணு இருக்கு, அந்த முப்பரிமாண கவரோட. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், மேல வரி வரியா பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டுன படம் அது, நேரா பாத்தா ஒரு மாதிரி, கொஞ்சம் சாய்ச்சா படத்துக்கு உள்ள குழி விழுந்த மாதிரி ஆழம் வந்துடும். 1967ல ரோலிங் ஸ்டோன்ஸ் ஒரு ஆல்பத்துக்கு இப்படிப் பண்ணாங்க, அதே ஜாதி. விரல் நகத்த வெச்சு லேசா இழுத்தா சர்ர்ர்னு சீப்பு மாதிரி சத்தம் வரும். என் பேரன் தட்டக் கேக்க வரமாட்டான், இந்த சத்தத்துக்காக வருவான்.

கவர் அழகுதான், ஆனா தட்டு பத்தி உண்மையச் சொல்லணும். என் காப்பி நல்லா உழைச்ச காப்பி. ஏ சைடு கடைசிப் பாட்டு வர்றப்ப நெருப்புல உப்பு போட்ட மாதிரி இருக்கும். யாரோ ஒருத்தர் எனக்கு முன்னாடி கனமான ஊசி வெச்சு ராவா பகலா தேய்ச்சிருக்கார், பிரியமாத்தான் தேய்ச்சிருப்பார், கோவிச்சுக்க முடியாது. அதனால ரீஇஷ்யூவ நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். அந்த லென்ஸ் கவர் இல்லாம வெறும் அட்டைல அச்சடிச்சா மனசு கொஞ்சம் வாடும், அவ்ளோதான்.

சைடு_பி:
அண்ணே நீங்க வந்தது பெரிய விஷயம். என் ரீஇஷ்யூ சாதா அட்டைதான், லென்ஸ் இல்ல. சாய்ச்சு சாய்ச்சு பாத்தேன், ஒண்ணும் நடக்கல 😅

ஊசிமுனை:
சரி, எல்லாரும் ராகம் தாளம் பேசுறீங்க, நான் பிளாஸ்டிக் பேசறேன். @சைடு_பி கவர் மேல ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கு? "180 கிராம்", "ரீமாஸ்டர்"னு ரெண்டு வார்த்தை இருக்கும், எந்த டேப்ல இருந்து எடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை இருக்காது. சரியா?

சைடு_பி:
ஐயோ எப்படிங்க. அப்படியேதான் இருக்கு.

ஊசிமுனை:
எல்லா ரீஇஷ்யூவும் அப்படித்தான் பேசும். 180 கிராம்ங்கறது தட்டோட எடை, சத்தத்தோட தரம் இல்ல. 140 கிராம் தட்டுலயும் ஊசி ஓடற வரி அதே ஆழம்தான், ஊசிக்கு அடியில எவ்ளோ பிளாஸ்டிக் கிடக்குன்னு ஊசிக்குத் தெரியாது. கைல கனமா இருந்தா காசு கொடுத்த திருப்தி வரும், கொஞ்சம் சுலபமா வளையாது, அவ்ளோதான். சத்தம் எங்க தீர்மானமாகுதுன்னா மூணு இடத்துல: எந்த டேப், யார் கட் பண்ணாங்க (டேப்ல இருக்கற சத்தத்த வரியா வெட்டறது), எந்த ஃபேக்டரில எவ்ளோ நிதானமா அழுத்துனாங்க. டேப் பழைய மாஸ்டரா, அதோட பேரன் காப்பியா, இல்ல தொண்ணூறுகள்ல சிடிக்குப் பண்ண டிஜிட்டல் ஃபைலையே தூக்கி தட்டுல தடவிட்டாங்களா, இதுதான் முதல் கேள்வி. ஸ்டிக்கர் சொல்லலன்னா ரன்-அவுட்ட பாருங்க, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவுல வெறும் வழவழப்பா ஒரு இடம் இருக்கும்ல, அதுல கட் பண்ணவங்க இனிஷியல் கீறியிருப்பாங்க. டார்ச் அடிச்சு சாய்ச்சுப் பாத்தா தெரியும். பேர் போட்டுக்கற அளவுக்கு நம்பிக்கை இருக்கற ஆளு கட் பண்ணதுன்னா பாதி கவலை போச்சு.

டிஜிட்டல்னாலே பாவம்னும் சொல்ல வரல. 2022ல சத்தத் தரத்துக்கே உயிர விடற ஆளுங்களுக்கான ஒரு பெரிய ஆடியோஃபைல் லேபிள் வருஷக்கணக்கா நடுவுல டிஜிட்டல் படி ஒண்ணு வெச்சிருந்துச்சுன்னு வெளிய வந்துச்சே, அதுவரைக்கும் "ஆகா அனலாக் வாசனை"ன்னு எழுதுன தங்கக்காது யாருக்கும் தெரியல. பொய் சொன்னதுதான் தப்பு, டிஜிட்டல் இல்ல.

சந்தேகசாமி:
இதுக்குத்தான் உங்கள எனக்குப் பிடிக்கும்.

ஊசிமுனை:
இன்னொன்னு, இந்த ஆல்பம் எல்பிக்கு ஏன் ஒத்துப்போகுதுங்கறதுக்கு ஒரு மெக்கானிக்கல் காரணமும் இருக்கு. மொத்தமே முப்பத்தஞ்சு நிமிஷம் சுமார். சைடுக்கு பதினேழு பதினெட்டு. இது தட்டுக்கு சொர்க்கம். ஏன்னா தட்டு எப்பவும் ஒரே வேகத்துலதான் சுத்துது, நிமிஷத்துக்கு முப்பத்தி மூணே கால் சொச்சம் சுத்து, ஆனா ஊசிக்கு அடியில ஓடற வரியோட நீளம் உள்ள போகப் போக குறையுது. வெளி ஓரத்துல வினாடிக்கு அரை மீட்டர் ஓடும், லேபிள் பக்கத்துல அதுல பாதிக்கும் கம்மி, 21 செமீ அந்த வாக்குல. அதே சத்தத்த பாதி இடத்துல எழுதற மாதிரி. சைடு நீளமா இருந்தா வரிய நெருக்கி, சத்தத்தக் குறைச்சு, லேபிள் வரைக்கும் கொண்டுபோகணும், அங்கதான் 'ஸ' 'ஷ' எல்லாம் பிசிறும், டிரம்ஸ்ல வர்ற சிம்பல் தட்டு சத்தம் எல்லாம் மணல் கொட்டுன மாதிரி ஆகும். பதினேழு நிமிஷம்னா நல்லா அகலமா, சத்தமா வெட்டி, லேபிளுக்கு முன்னாடியே மரியாதையா நிறுத்திக்கலாம். இந்த ஆல்பத்துல ரெண்டு சைடுமே சத்தமாத்தான் முடியுது, அதனால இது ரொம்ப முக்கியம். பழைய தட்டு சார் காப்பில கடைசிப் பாட்டு ஏன் முதல்ல செத்துச்சுன்னும் இதுலயே பதில் இருக்கு.

இப்ப சில ரீஇஷ்யூல இதையே ரெண்டு தட்டா பிரிச்சு நிமிஷத்துக்கு 45 சுத்து வேகத்துல போடுவாங்க. இந்த ஆல்பத்துக்கு அப்படி யாராவது பண்ணா நான் தெருவுல இறங்கி சண்ட போடுவேன், பி சைட நடுவுல வெட்டறது கொலைக்கு சமம்.

புதுசு_நான்:
முப்பத்தி மூணே கால் சொச்சமா? முப்பத்தி மூணுன்னுதான் நினைச்சேன்

ஊசிமுனை:
33⅓. மூணுல ஒண்ணு. கால் சொச்சம்னு வாய்வாக்குல வந்துடுச்சு, எழுதறப்பவே கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்துச்சு.

பர்ப்பிள்_வெறியன்:
ஏன் விக்கலைங்கற கதைக்கு வருவோம், அதுதான் எனக்கு சுவாரசியம். லேபிள் எதுன்னு பாருங்க, கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ், ஜார்ஜியால மேக்கன் ஊரு. ஆல்மன் பிரதர்ஸ் பேண்டோட லேபிள். சதர்ன் ராக்குக்குத் தாய்வீடு. ஆல்மன் ஆளுங்க பழக்கத்துலதான் இவங்க அங்க போயி சேந்தாங்க, ஆல்பமே அந்த பேண்டு கிட்டாரிஸ்ட் டுவேன் ஆல்மன் நினைவுக்குத்தான் சமர்ப்பணம், அவர் 1971 அக்டோபர்ல பைக் விபத்துல போயிட்டாரு. ஆனா அந்த லேபிள்ல இருந்து வர்ற தட்ட வாங்கற ஆளுக்கு வேணும்ங்கறது வேற, ஸ்லைடு கிட்டார், ப்ளூஸ், வெயில், நெடுஞ்சாலை. அவன் கைல விண்வெளி கவர் போட்ட, எண்ண முடியாத கணக்குல ஓடற ஒரு ஹார்ட் ராக் தட்ட குடுத்தா என்ன பண்ணுவான். கல்யாண சாப்பாட்டுக் கடைல போயி கடல் மீன் வறுவல் வித்த மாதிரி, மீன் நல்ல மீன்தான், இடம் தப்பு.

அப்புறம் ரேடியோவுக்கு எத எடுத்துக் குடுப்ப? எத உருவுனாலும் ரெண்டு பக்கமும் ரத்தம் வரும், அப்படித் தச்சிருக்காங்க.

இன்னொரு கொடுமை, பாட்டு எல்லாம் கால்ட்வெல், எவான்ஸ் பேர்ல மட்டும்தான் போட்டிருக்கும். ரைனோவும் டோர்மனும் இன்னும் பட்டர்ஃப்ளை காலத்து ஒப்பந்தத்துல மாட்டிட்டு இருந்ததால பேர் போட முடியல. அந்த கிட்டார் ரிஃப் வாசிச்ச ஆளு பேரு எழுதுனவங்க பட்டியல்லயே இல்லன்னா பாருங்க. ரெண்டு பேருமே 2012ல, ஒரே வருஷத்துல போயிட்டாங்க.

பழைய_தட்டு:
முதல் ஆல்பம் முடிஞ்சதும் கால்ட்வெல் கிளம்பிட்டார், அதுதான் பெரிய அடி. 1973ல ரெண்டாவது வந்துச்சு, நல்ல தட்டுதான், ஆனா வேற தட்டு. காங்கா, லத்தீன் வாடை, சாவகாசமா கடற்கரைல காலாட்டற மாதிரி. அதுல கீபோர்டு வாசிச்சவர் ரீஸ் வைனன்ஸ், பின்னாடி கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் கூட அவரோட டபுள் ட்ரபிள் பேண்டுல இருந்தாரே அவரேதான். அதுக்கப்புறம் எவான்ஸும் போயிட்டார். 1977ல வேற பாடகர் வெச்சு ஒண்ணு பண்ணாங்க, நான் ஒரு தடவ கேட்டேன், உறைக்குள்ள பத்திரமா இருக்கு.

டிரம்குச்சி:
"உறைக்குள்ள பத்திரமா இருக்கு" 😂😂 இத விட நாகரிகமா ஒரு விமர்சனம் நான் படிச்சதில்ல

சந்தேகசாமி:
எவான்ஸ் கதை ரொம்ப சோகம் இல்லையா? 1980ல யாரோ சில பேர் பேச்சக் கேட்டு "டீப் பர்ப்பிள்"ங்கற பேர்லயே ஒரு டூர் கிளம்பினார், மேடைல பழைய பர்ப்பிள் ஆளு இவர் ஒருத்தர்தான். கோர்ட்டுக்குப் போயி ஆறு லட்சத்து எழுபத்திரெண்டாயிரம் டாலர் தீர்ப்பு, பழைய பாட்டு ராயல்டியும் போச்சு. அதோட ஆள் இசைய விட்டே ஒதுங்கிட்டார். 2016ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல பர்ப்பிள சேத்தப்ப இவர் பேரும் இருந்துச்சு, வரல.

பர்ப்பிள்_வெறியன்:
ஆமா. எனக்கு இதப் பத்தி எழுதவே கஷ்டமா இருக்கும். ஏன்னா பர்ப்பிள் ரசிகனா நான் இருபது வருஷமா "எவான்ஸ அனுப்புனது சரிதான், அவர் குரல் ஹார்ட் ராக்குக்கு ஆகாது"ன்னு வாதம் பண்ணிட்டு இருந்தவன். கில்லன் மாதிரி வீல்னு கத்த மாட்டார், அடித்தொண்டைல, கொஞ்சம் ஓட்டல் லவுஞ்ச்ல கோட்டு போட்டு பாடறவர் மாதிரி ஒரு குரல். ஆனா இந்தத் தட்டுல அதுதான் அடிச்சு தூக்குது. சுத்தி மூணு பேரும் கட்டடத்த இடிச்சிட்டு இருக்காங்க, நடுவுல இந்த மனுஷன் பதட்டமே இல்லாம, கூட்டத்துல வழி கேக்கற மாதிரி பாடிட்டு நடந்து வர்றார். இவரும் கத்தியிருந்தா தாங்கியிருக்காது. பி சைடுல அந்த நிலா பாட்டு வரும்ல, அங்க குரல இன்னும் எறக்கி கிட்டத்தட்ட காதுக்குள்ள பேசறார், அத கில்லனால பண்ணியிருக்க முடியுமா? முடியாதுன்னு சொல்லி என் சங்கத்துல இருந்து என்னையே நீக்கிக்கறேன்.

புதுசு_நான்:
நான் இப்ப ஸ்ட்ரீமிங்ல ஓடவிட்டுட்டே படிக்கிறேன். நடுவுல ஒரு விளம்பரம் வந்துச்சு. நிலா பாட்டுக்கு முன்னாடி. செத்துட்டேன்

சைடு_பி:
ஹாஹா இதுதான் இதுதான். செட்டிங்ஸ்ல க்ராஸ்ஃபேட் (ஒரு பாட்டு முடியறப்பவே அடுத்தத மேல கலக்கறது) இருந்தா அதையும் அணைச்சிடு தம்பி, அது இன்னும் மோசம் பண்ணும். ஷஃபிள் போட்டுடாத, ஆஸ்ட்ரல் லேடி மட்டும் தனியா வந்து விழும், என்னன்னு புரியறதுக்குள்ள போயிடும்.

சரி என் பிரச்சினைக்கு வரேன், ஊசிமுனை அண்ணே ஹெல்ப் வேணும். பி சைடு ஆரம்பத்துல அக்கூஸ்டிக் கிட்டாரோட ஒரு சின்ன முன்னுரை வருதுல்ல, அதுல நீளமா இழுக்கற இடம் எல்லாம் லேசா ஊஞ்சல் ஆடற மாதிரி இருக்கு. சுருதி மேல போயி கீழ வருது. சத்தமான இடத்துல தெரியல. ஃபோன்ல அதே இடம் நேரா நிக்குது. பிளேயர் கெட்டுப்போச்சா? ஏ சைடு சுத்தமா இருக்கு.

ஊசிமுனை:
ஏ சைடு சுத்தம், பி சைடு ஆடுதுன்னா பிளேயர் தப்பிச்சுது. நடு ஓட்டை தள்ளிப் போயிருக்கும். பி சைட போட்டு, ஊசி ரன்-அவுட்டுக்கு வந்ததும் கிட்ட போயி மேல இருந்து ஹெட்ஷெல்ல, அதான் ஊசி மாட்டியிருக்கற தலைப்பகுதிய, மட்டும் பாருங்க. ஒரு சுத்துக்கு ஒரு தடவ இடது வலதுன்னு அசையுதா? தொட்டில் மாதிரி?

சைடு_பி:
போயி பாத்துட்டு வந்தேன். அசையுது. நல்லாவே அசையுது. ஒரு தடவ பாத்துட்டா இனிமே பாக்காம இருக்க முடியாது போலயே

ஊசிமுனை:
அதேதான். அழுத்தறப்ப ஒரு பக்கத்து அச்சு மையத்துல உக்காரல. ஊசி ஓடற வரி நடு ஓட்டைக்கு ஒரு நேரம் கிட்டயும் ஒரு நேரம் தூரமாவும் போகுது, அதனால வேகம் கூடிக் குறையுது, அதான் ஊஞ்சல். டிரம்ஸ், டிஸ்டார்ஷன் கிட்டார்ல மறைஞ்சுக்கும், பியானோ, நீண்ட கிட்டார் நோட்டுல அம்பலமாகும். இது உங்க குத்தமில்ல, ஊசியோட குத்தமும் இல்ல. வாங்குன இடத்துல மாத்திக் கேளுங்க. வீடியோ எடுத்து அனுப்புங்க, ரன்-அவுட்ல ஹெட்ஷெல் ஆடறது பத்து செகண்ட் போதும், வாதமே பண்ண மாட்டாங்க. ஓட்டைய கத்தரியால பெருசாக்கி தள்ளி வைக்கலாம்னு சில பேர் சொல்வாங்க, கேக்காதீங்க, மாத்தறதுக்கு வழியே இல்லாம போயிடும், அதுவும் இல்லாம ஒரு பக்கம் மட்டும்தான் ஆடுதுங்கறீங்க, பி சைட சரி பண்ணப் போனா ஏ சைடு ஆடும்.

கூடவே இன்னொன்னு, உள் உறை வெறும் காகிதமா இருந்தா தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் உள்பக்கம் வெச்ச உறை போடுங்க. புதுத் தட்டுல வர்ற பாதி கீறல் அந்தக் காகிதத்துல இருந்து உருவறப்ப விழறதுதான். முதல் தடவ போடறதுக்கு முன்னாடி கழுவிடுங்க, புதுசுதானேன்னு விட்டுடாதீங்க, ஃபேக்டரி தூசியும் காகிதத் தூளும் ஒட்டியிருக்கும்.

சந்தேகசாமி:
பாத்தீங்களா, இதுதான் என் பாயின்ட். 1972ல ஒருத்தன் நாலு காசு குடுத்து வாங்கி தேய்ச்சான். இப்ப கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கி வெச்சு, டார்ச் அடிச்சு, கழுவி, வீடியோ எடுத்து... பாட்டு எப்ப கேப்பீங்க?

ஊசிமுனை:
ஞாயித்துக்கிழமை 😐

பழைய_தட்டு:
சந்தேகசாமி சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா ஒண்ணு. அந்தக் காலத்துல தட்டு தீந்து போச்சுன்னா தீந்ததுதான், லேபிள் மறுபடி அழுத்தாது, கடைல கேட்டா பேரே தெரியாதுன்னுவாங்க. சர் லார்ட் பால்டிமோர்னு ஒரு பேண்டு, 1970ல 'கிங்டம் கம்'னு ஒண்ணு போட்டாங்க, 1971ல க்ரீம் பத்திரிகைல அதுக்கு வந்த விமர்சனத்துல 'ஹெவி மெட்டல்'னு எழுதுனாங்க, அந்த வார்த்தைய இசைக்குப் போட்ட ஆரம்ப நாள்ல ஒண்ணு அது. அப்பேர்ப்பட்ட தட்ட நான் வருஷக்கணக்கா பேர் மட்டும் படிச்சிட்டு கேக்காமலே இருந்தேன். டஸ்ட்னு இன்னொரு பேண்டு, அதோட டிரம்மர் பின்னாடி பங்க் பேண்டு ரமோன்ஸ்ல போயி மார்க்கி ரமோன் ஆனவர், அதுவும் அப்படித்தான். படிச்சுப் படிச்சு மண்டைக்குள்ளயே ஒரு சத்தம் கட்டி வெச்சிருந்தேன், நிஜத் தட்டு கைக்கு வந்தப்ப அது வேற மாதிரி இருந்துச்சு. ரீஇஷ்யூவுக்கு நான் நன்றி சொல்றது அதுக்குத்தான், ரிப்பேர் பண்ண வேண்டிய ஓட்டையோட வந்தாலும்.

சந்தேகசாமி:
மேல பேசுன பாவத்துக்கு நேத்து முழுசா கேட்டேன். ஹெட்ஃபோன்ல, பாட்டுக்கு நடுவுல இடைவெளி விழாத கேப்லெஸ் போட்டு, ஃபோன கவுத்து வெச்சு. தீர்ப்பு சொல்றேன், கல்லெறியாதீங்க.

ஏ சைடு பிரமாதம், வாபஸ் வாங்கிக்கறேன். 'ரேஜிங் ரிவர்' முடியறப்ப கையத் தட்டிட்டேன், வீட்ல பாத்தாங்க. ஆனா பி சைடு கடைசி பாதி, நிலா போயி நிலா வந்து, எனக்கு இன்னும் அது அரை வேக்காடாத்தான் இருக்கு. ஐடியா இருக்கு, பாட்டு இல்ல. நாலு நல்ல துண்ட ஒட்டி வெச்சுட்டு "இது ஒரே விஷயம்"னு சொல்லிட்டா ஆச்சா? அவங்களுக்கு இன்னும் ஒரு மாசம் ஸ்டூடியோ கெடைச்சிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். மாஸ்டர்பீஸ் இல்ல. ஆனா "கல்லு தொண்டை, வளவள சோலோ" ரகமும் இல்ல, சோலோ எல்லாம் ஆச்சரியமா குட்டி குட்டியா இருக்கு, அது நான் எதிர்பாக்கல.

டிரம்குச்சி:
குட்டி சோலோ பத்தி சொன்னீங்களே, அதுக்கே உங்களுக்கு ஒரு காபி. ரைனோ வந்தோமா, ரெண்டு வாக்கியம் சொன்னோமா, போனோமான்னு இருப்பார். அந்தக் காலத்துல அது தவம்.

பி சைடு பத்தி ஒத்துக்க மாட்டேன். அது அரை வேக்காடு இல்ல, அங்க பேண்டு வேணும்னே இளகுது. முப்பது நிமிஷம் மூச்சு முட்ட அடிச்சிட்டு ஒரு இடத்துல கைய விரிச்சு விடலன்னா கடைசில 'நத்திங்' திரும்பி வர்றப்ப அந்த அடி விழாது.

சைடு_பி:
நான் நடுவுல. எனக்கும் முதல் தடவ அந்த இடம் இழுத்துச்சு, மூணாவது தடவ பிடிச்சுது, ஆனா அது பாட்டு மாறுனதாலயா நான் மாறுனதாலயான்னு கேட்டா, சோபால இருந்து எந்திரிச்சு போயி தட்டத் திருப்பி வெச்சுட்டு வந்து உக்காந்ததாலன்னுதான் நினைக்கிறேன். ஏ சைடு முடிஞ்சு அந்த சர்ர் சர்ர்னு ஓட்டம், எந்திரிக்கணும், மூடி திறக்கணும், திருப்பணும், ஒரு அரை நிமிஷம் வீடு அமைதியா இருக்கும். அந்த அமைதிக்கு அப்புறம் பி சைடோட அக்கூஸ்டிக் கிட்டார் வருது. ஸ்ட்ரீமிங்ல 'ரேஜிங் ரிவர்' முடிஞ்ச ரெண்டாவது செகண்டு அது வந்துடும், காதுக்குள்ள இன்னும் டிரம்ஸ் அடிச்சிட்டு இருக்கும், பாவம் அந்த கிட்டார் என்ன பண்ணும்.

பர்ப்பிள்_வெறியன்:
சாமி, நீங்க ஹெட்ஃபோன்ல கேட்டப்ப நடுவுல எந்திரிச்சீங்களா?

சந்தேகசாமி:
இல்ல. ஒரே மூச்சு. ம். சரி, இன்னொரு தடவ நடுவுல எந்திரிச்சு தண்ணி குடிச்சிட்டு வந்து கேக்கறேன். ஆனா அதுக்காக பிளேயர் வாங்க வைக்காதீங்க.

ஊசிமுனை:
ஆரம்பத்துல எல்லாரும் இதத்தான் சொன்னாங்க

சைடு_பி:
அப்டேட்: வீடியோ அனுப்புனேன், மறுபேச்சு இல்லாம வேற காப்பி அனுப்பிட்டாங்க, இன்னிக்கு வந்துச்சு. கழுவி, காய வெச்சு, முதல்ல பி சைடுதான் போட்டேன். ரன்-அவுட்ல உக்காந்து ஹெட்ஷெல்லயே பாத்துட்டு இருந்தேன். இந்தத் தடவ பி சைடு சிலை மாதிரி நிக்குது.

ஏ சைடு லேசா ஆடுது.

ஊசிமுனை:
எவ்ளோ?

சைடு_பி:
முன்ன ஆடுனதுல கால்வாசி. காதுக்குத் தெரியல, கண்ணுக்குத்தான் தெரியுது.

ஊசிமுனை:
மூடிய சாத்துங்க. லைட்ட அணைங்க. பாக்காதீங்க.